ஸ்டெம் செல் ஊசிக்கு 7 லட்சம் கட்டினோம், பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். போன வருடம் வேலை நடந்த கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறார். சென்னையில் ஒரு கிளினிக்கில் “ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்தால் ஆறு மாதத்தில் நடப்பார்” என்றார்கள். நகையை விற்று, கடன் வாங்கி 7 லட்சம் கட்டினோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து முதுகில் மூன்று தடவை ஊசி போட்டார்கள். எட்டு மாதமாகியும் மாற்றமில்லை. இன்னும் இரண்டு ஊசி, 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். “பலனுக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பத் தரப்படாது” என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். வழக்குப் போட முடியுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 3 லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

வழக்குப் போடலாம். ஆனால் “நடப்பார் என்றார்கள், நடக்கவில்லை” என்பதை மட்டும் வைத்துப் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். நோய் குணமாகவில்லை என்பதாலேயே மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் முதல் நாளே நீட்டுவார்கள்.

உங்கள் வழக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டுவடக் காயத்துக்கு இந்த ஸ்டெம் செல் (பல வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசியைக் காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகக் கொடுத்ததே தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) போன்ற நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்டது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் போன்ற ஓரிரு பிரச்சினைகளுக்குக் குறிப்பிட்ட தயாரிப்புகள் பின்னர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றன. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்குள் (புதிய சிகிச்சையை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆகவே கிளினிக்குக்கு எழுத்தில் கேளுங்கள்: இது பரிசோதனையா? ஆம் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண் என்ன, ஏன் 7 லட்சம் வாங்கினீர்கள்? இல்லை, சிகிச்சைதான் என்றால் எந்த அனுமதியில் கொடுத்தீர்கள்? எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அவர்களுக்குச் சிக்கல்தான். “அவருடைய சொந்த செல்லைத்தானே போட்டோம், இது மருந்தே அல்ல” என்றும், “வழிகாட்டுதல் சட்டம் ஆகாது” என்றும் வாதாடுவார்கள். சட்டமாக இல்லாவிட்டாலும், ஒரு மருத்துவர் எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல் என்று உங்கள் வழக்கறிஞர் வலியுறுத்த வேண்டும்.

அந்தக் கையெழுத்து? சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் போதுமான அளவு சொன்ன பிறகு வாங்குவதே உண்மையான சம்மதம் என்றது. இது நிரூபிக்கப்படாத முறை என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லவில்லையென்றால் அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றாது. விழுந்து கிடக்கும் மனிதரைக் காட்டி, மனைவியின் நகையை விற்க வைத்துவிட்டு, பொறுப்பில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, செய்ய வேண்டியவை. ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்திகள், அவர்கள் தந்த துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் “நடக்க வைக்கிறோம்” என்று விளம்பரம் இருந்தால், தேதியோடு இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். நோட்டீஸ் போனதும் அது காணாமல் போய்விடலாம். பக்கவாதம் போன்ற உடல் செயலிழப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டத்தின் கீழும் பிரச்சினைக்குரியது. மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

அப்புறம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டமே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம். 7 லட்சத்துக்கான புகாருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் செய்யலாம். அங்கே பணம் கிடைக்காது, ஆனால் அவருடைய பதிவு மீது நடவடிக்கை எடுக்க முடியும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அவர் வேலையில் இருந்தபோதுதான் விழுந்திருக்கிறார். ஒப்பந்ததாரரிடமோ கட்டட உரிமையாளரிடமோ இழப்பீடு கேட்டீர்களா? அதற்குத் தொழிலாளர் துறையில் உள்ள உரிய அதிகாரியிடம் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அங்கே கேட்க வேண்டும். கிளினிக் மீதான வழக்கு முடிய நாளாகும். இந்த மனுவுக்கோ ஒரு வருடத்துக்கும் குறைவாகவே நேரம் இருக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது விபத்து பற்றிய காகிதங்கள், முதலில் சேர்த்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அவருடன் வேலை செய்த இரண்டு பேரின் பெயர், முகவரி ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.