மார்கழி விடியலில் குளத்தங்கரை: பறவை பார்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

கோவைக் குளங்களில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பறவைகளைக் கவனித்து வருகிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் புதிதாகப் பைனாகுலர் வாங்கியவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் என்று கரையில் ஆட்கள் கூடிவிடுவார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியாத கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சரவணம்பட்டியிலிருந்து: சார், எட்டு மணிக்குப் போனால் வாத்துகள் எல்லாம் நடுக்குளத்தில் தூங்குகின்றன. எத்தனை மணிக்குப் போவது சரி?

அவை இரவெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து தூங்குகின்றன. நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, சீழ்க்கைச் சிறகி எல்லாம் குளிர்காலத்தில் பெரும்பாலும் இரவில்தான் மேயும். வயல்களுக்கும் பக்கத்துக் குட்டைகளுக்கும் போய்விட்டு, கிழக்கு வெளுக்கும்போது குளத்துக்குத் திரும்பும். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. ஆறேகாலுக்கே கரையில் இருங்கள். முதலில் தலைக்கு மேல் சிறகோசை கேட்கும், அப்புறம்தான் உருவம் தெரியும். அதே நேரத்தில் வக்காக்கள் இரவு வேட்டை முடிந்து மரத்துக்கு வரும். கொக்குகள் அதே மரத்திலிருந்து கிளம்பும். இந்த மாற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு உங்களை எழுப்ப அலாரம் தேவைப்படாது.

நிற்கும் இடமும் முக்கியம். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான்.

பீளமேட்டிலிருந்து: கடையில் 10×25 பைனாகுலர் கையடக்கமாக இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

விடியல் நேரத்துக்கு வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10×25 என்றால் 2.5 மில்லிமீட்டர். 8×42 என்றால் ஐந்தே கால். அரையிருட்டில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கையில் பிடித்துப் பார்க்கும்போது 10 மடங்கில் நடுக்கமும் கூடுதல். 8×42 வாங்குங்கள். வாங்கியதும் வலது கண்பக்கம் இருக்கும் சிறு வளையத்தை உங்கள் பார்வைக்கு ஏற்பத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமலே தலைவலிக்கிறது என்கிறார்கள்.

சூலூரிலிருந்து: எங்கள் குளத்துக் கூழைக்கடாக்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாக ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லைங்க. எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் குளங்களில் தெரியும் புள்ளி அலகு கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை எல்லாம் இந்த மண்ணின் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும், வரும். மழை முடிந்ததும் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை இவைதான்.

வலசை வருபவை வேறு. அவை நமக்கு வடக்கே, இமயம், மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்திலிருந்து வருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பொரி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை இங்கே கூடு கட்டுவதில்லை. உண்டு, உடம்பு தேற்றிக்கொண்டு, வெயில் ஏறும் முன் வடக்கே திரும்பிவிடும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரிக்கிறது. இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது கருவி பொருத்திப் பார்த்ததில் பதிவாகியிருக்கிறது. அப்படி வந்த பறவை நெல்லைச் சீமையின் ஒரு கிராமத்துக் குளத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

குறிச்சியிலிருந்து: போன வருடம் இதே மாதம் வாத்தும் உள்ளானும் நிறைய இருந்தன. இந்த வருடம் குளம் நிரம்பி வழிகிறது, பறவையைக் காணோம். தண்ணீர் அதிகம் இருந்தால் பறவையும் அதிகம் வர வேண்டாமா?

இந்த வாரம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பறவைக்குத் தேவை தண்ணீரின் அளவு அல்ல, ஆழம். பட்டாணி உப்புக்கொத்திக்கு ஈரச் சேறு போதும். பொரி உள்ளானுக்கு விரல் ஆழம். நெடுங்கால் உள்ளான் முழங்கால் நனைய நடக்கும். வாத்துகளில் பல முங்குவதில்லை. தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். குளம் கரை தொட்டு நிற்கும்போது இந்த விளிம்பு முழுக்க மூழ்கிவிடுகிறது. முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் மட்டும் வசதியாக இருக்கும். நல்ல மழை வருடத்தில் சின்னக் குட்டைகளிலும் தண்ணீர் நிற்கும், வாத்துகள் அங்கெல்லாம் பிரிந்து போய்விடும். கவலைப்படாதீர்கள். மாசியில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும்போது மறுபடி போய்ப் பாருங்கள்.

ஆனால் திரும்பி வராத விளிம்பும் உண்டு. நான் பத்து வருடம் உள்ளான்களை எண்ணிய ஒரு குளத்தில், சரிவான சேற்றுக் கரையை வெட்டி எடுத்துவிட்டுச் செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டார்கள். தண்ணீர் அப்படியே இருந்தது. கூழைக்கடாகூட வந்தது. அடுத்த குளிர்காலம் அந்தப் பக்கம் ஓர் உள்ளானைக்கூட நான் பார்க்கவில்லை. கால் வைத்தால் நேரே ஆள் ஆழம் என்றால் அது எங்கே நிற்கும்? நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் அதில் நடப்பவன்தான். உங்கள் ஊர்க் குளத்துக்கு இப்படி ஒரு திட்டம் வருவதாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, சம்பும் கோரையும் முளைக்கும்படி விடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு எழுதிப் பயனில்லை.

வடவள்ளியிலிருந்து: வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

அலகும் காலும் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, மாட்டோடு சுற்றினால் உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகும் நீண்ட கழுத்தும் இருந்தால் வாய்க்கோட்டை, அதாவது அலகு பிளக்கும் இடத்திலிருந்து பின்னால் போகும் கோட்டைக் கவனியுங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. வாத்துகளுக்கும் ஒரு குறிப்பு: ஆண் வாத்துகள் வந்து இறங்கும் அக்டோபரில் பெட்டையைப் போலவே மங்கலாக இருக்கும். தைக்குள் பெரும்பாலானவை நிறம் மாறிவிடும். நீலச்சிறகு வாத்து மட்டும் தாமதமாகத்தான் வெள்ளைப் புருவத்தைக் காட்டும். எனவே முதல் வருடம் ஜனவரி, பிப்ரவரியில் கற்றுக்கொள்வது சுலபம்.

நான்காம் வகுப்புப் பையன், ஒண்டிப்புதூர்: நீர்க்காகம் ஏன் இறக்கையை விரிச்சுட்டே நிக்குது மாமா?

துணி காயப்போடுகிறது கண்ணு! வாத்து இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகின் ஓரம் நனைந்துவிடும். நனைந்தால் உடம்பு சுலபமாகத் தண்ணீருக்குள் போகும், மீனைத் துரத்தலாம். வெளியே வந்ததும் காயவைக்க வேண்டும். அடுத்த தடவை பாம்புத்தாராவும் அப்படி நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லு.

துடியலூரிலிருந்து: நல்ல படம் எடுக்க எவ்வளவு அருகில் போகலாம்?

மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பறவை மெல்ல விலகி நடந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். நீண்ட பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது. நாம் விரட்டி எழுப்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. கூட்டம் பறக்கும் படத்துக்காகக் கல்லெறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் தடுங்கள்.

சிங்காநல்லூரிலிருந்து ஓர் அம்மா: தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நியாயமானதுதான் அம்மா. ஆறு மணிக்குக் கரை வெறிச்சென்று இருக்கும், நாய்களும் உண்டு. இரண்டு பேராகப் போங்கள், அல்லது ஞாயிறு காலைகளில் சேர்ந்து போகும் குழுவோடு வாருங்கள். புல்லுக்குள் இறங்காமல் கரைமேலேயே நடங்கள்.

பேரூரிலிருந்து: பார்த்ததை எழுதி வைக்கிறேன். இது யாருக்காவது பயன்படுமா?

கட்டாயம். தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்க 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருந்தாலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் ஏற்றினால் போதும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. பெரிய கூட்டத்தைக் கண்டால் முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து அடைத்திருக்கும் இடத்தை மனதில் வைத்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று அளந்து போங்கள்.

ஊர் ஊராகச் சுற்றுவதைவிட, வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துக்கு வாரம் ஒருமுறை, அதே நேரத்துக்குப் போவது நல்லது. ஒரு பறவையும் இல்லாத நாளையும் எழுதுங்கள். தேதிக்குப் பக்கத்தில், மதகில் இன்று எத்தனை படி வெளியே தெரிகிறது என்றும் குறித்து வையுங்கள். மூன்று வருடம் அப்படி எழுதினால், குறிச்சிக்காரர் கேட்ட கேள்விக்கு உங்கள் குளத்தின் பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.