ஏற்றத்தில் இழுக்காத பிக்கப்புக்கு டியூனிங் பாக்ஸ் மாட்டலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். 2022ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் 1.9, ஆட்டோ கியர். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் டன் சரக்கோடு பெந்தோங், ரவூப் பக்கம் போகிறேன். கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா ஏறும்போது வண்டி முன்பு போல இழுப்பதில்லை. லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. இணையத்தில் 180 ரிங்கிட்டுக்கும் டியூனிங் பாக்ஸ் கிடைக்கிறது, 2,000 ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. 30 விழுக்காடு சக்தி கூடும், டீசலும் மிச்சமாகும் என்கிறார்கள். வண்டிக்கு இன்னும் உத்தரவாதம் இருக்கிறது. நானே மாட்டிக்கொள்ளலாமா? நண்பர் ஒருவர் தன் பழைய மிட்சுபிஷி ட்ரைட்டனில் இருந்த பாக்ஸைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அது பொருந்துமா?"

முன்பு இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்றால் அதில் ஏதோ பழுது இருக்கிறது. பழுதைத் தேடாமல் மேலே ஒரு பாக்ஸை மாட்டினால், சளைத்துப்போன இன்ஜினை அடித்து ஓட்டுவதாகத்தான் முடியும். அதனால் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இந்தப் பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், விற்பவர் சொல்வதில் எது உண்மை, எது கதை என்று நீங்களே பிரித்துவிடலாம்.

இன்றைய டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் காமன் ரெயில் வகை. பம்ப் டீசலை 'ரெயில்' எனும் ஒரு தடித்த குழாயில் 1,600, 1,800, சிலவற்றில் 2,000 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலான அழுத்தத்தில் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர்கள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரம் திறந்து மூடுகின்றன. குழாயின் முனையில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று திருகப்பட்டிருக்கும். மூன்று ஒயர்: 5 வோல்ட் மின்சாரம், எர்த், அப்புறம் சிக்னல். அழுத்தம் ஏற ஏற சிக்னல் ஏறத்தாழ அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை ஏறும். இன்ஜினின் கணினியான இசியூ அதைப் பார்த்துத்தான் பம்பைக் கட்டுப்படுத்துகிறது.

டியூனிங் பாக்ஸ் இந்த சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. உண்மையில் 1,500 பார் இருக்கும்போது 1,400தான் இருக்கிறது என்று சொல்கிறது. குறைகிறதே என்று இசியூ பம்பை முடுக்குகிறது. இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறக்கிறது, ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் கூடுதலாகப் பீச்சுகிறது. தராசில் விரலை வைத்து அழுத்துகிற வேலைதான் இது, என்ன, இங்கே விரல் தட்டைத் தூக்கிவிடுகிறது. மலிவான பாக்ஸைப் பிரித்தால் உள்ளே ஓரிரண்டு ரெசிஸ்டரும் ஒரு மினுக் விளக்கும்தான் இருக்கும். அது எல்லா வேகத்திலும், ஐட்லிங்கில்கூட, ஒரே அளவு பொய் சொல்லும். விலை கூடியவற்றில் சிறு கணினியே இருக்கும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தையும் பார்த்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கூட்டிக் குறைக்கும்.

சரி, 30 விழுக்காடு கதைக்கு வருவோம். துளை வழியாகப் பாயும் திரவத்தின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த கணக்குதான். அழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால் டீசல் சுமார் 5 விழுக்காடுதான் கூடும். 30 விழுக்காடு கூடுதல் டீசல் வேண்டுமென்றால் 1.3ஐ 1.3ஆல் பெருக்குங்கள், 1.69. அதாவது அழுத்தம் 69 விழுக்காடு ஏற வேண்டும். முழு வேகத்தில் 1,800 பாரில் ஓடும் ரெயிலை 3,000 பாருக்கு மேல் கொண்டுபோக வேண்டும்! அதற்கு வெகு முன்பே ரெயிலில் உள்ள பாதுகாப்பு வால்வு திறந்துவிடும், அல்லது இசியூ பி0088 போன்ற பழுதுக் குறியீட்டைப் பதித்து வண்டியை லிம்ப் மோடில், அதாவது சக்தியைக் குறைத்து மெதுவாக மட்டும் ஓடும் நிலையில், தள்ளிவிடும். அழுத்த சென்சாரை மட்டும் ஏமாற்றும் பாக்ஸால் 30 விழுக்காடு வராது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் 5லிருந்து 10 விழுக்காடு உணரலாம். உங்கள் வண்டி கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். அதில் 10 விழுக்காடு என்றால் 15 குதிரைத்திறன். காலி வண்டியில் தெரியும், முக்கால் டன் சரக்கோடு ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது.

டீசல் மிச்சம் என்பது இதைவிடச் சுவாரசியமான கதை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபோது இந்தப் பாக்ஸ்களை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் மீட்டரைப் படமெடுத்துப் போடுவார்கள்: பாக்ஸ் மாட்டுவதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர், மாட்டிய பின் 8. படம் பொய்யில்லை, மீட்டர்தான் ஏமாந்துவிட்டது. மீட்டருக்குள் டீசலை அளக்கும் குவளை எதுவும் கிடையாது. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது, ரெயிலில் எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுத்தான் இசியூ அந்த எண்ணைத் தருகிறது. அழுத்தத்தைக் குறைத்துச் சொல்வதுதானே பாக்ஸின் வேலை? அதனால் செலவும் குறைவாகவே தெரியும். உண்மையைப் பார்க்க ஒரே வழிதான். ஒரே நிலையத்தில் ஒரே பம்பில், நாசில் முதல் தடவை தானாக நிற்கும் வரை டீசல் அடியுங்கள். வழக்கமான பாதையில் மூன்று நான்கு டேங்க் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அடித்த லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் ரசீதின் பின்னால் எழுதி வையுங்கள். விற்பவர் யாரும் இந்தக் கணக்கைக் காட்டி நான் பார்த்ததில்லை.

உங்கள் வண்டி ஆட்டோ என்பதால் எனக்கு அதிகக் கவலை கியர்பாக்ஸ் பற்றித்தான். இன்ஜின் இப்போது எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்று இசியூ கியர்பாக்ஸ் கணினிக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற எண்ணெய் அழுத்தத்தில்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகிப் பிடிக்கின்றன. பாக்ஸ் மாட்டிய வண்டியில் இசியூவுக்கே உண்மையான முறுக்குவிசை தெரியாது, குறைத்துத்தான் சொல்லும். தட்டுகள் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும், சுமையோடு ஏறும்போது வழுக்கும். முதலில் உங்களுக்குத் தெரிவது, கியர் மாறும்போது ஆர்பிஎம் முள் சற்றுத் துள்ளி இறங்குவது. அப்புறம் கியர் எண்ணெய் கருத்து, கருகிய வாடை அடிக்கும். இந்தப் பழுது வந்தால் 2,000 ரிங்கிட் பாக்ஸ் உங்களுக்கு மலிவாகத் தெரியும்.

இன்னொன்று வெப்பம். கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று இல்லையென்றால் ஒரு பகுதி எரியாமல் கரும்புகையாகப் போகும், மீதி புகைக்குழாயைச் சூடாக்கும். நகரத்தில் சிவப்பு விளக்கிலிருந்து பாய்ந்து கிளம்பும்போது இந்தச் சூடு சில நொடிதான். நீங்கள் போகும் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் நிமிடக் கணக்கில் கால் அழுத்தியபடி இருக்கும். டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 700, 750 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது டியூனிங் செய்பவர்களின் வழக்கம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்பே. கீழிருந்து இன்ஜின் எண்ணெய் பீச்சிக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டிகளில் கூடுதல் கரி அதையும் சீக்கிரம் அடைத்துவிடும்.

அப்படியானால் இழுக்காததற்கு என்ன காரணம்? நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது. முதலில் ஏர் ஃபில்டர், அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும். அடுத்தது டீசல் ஃபில்டர். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். பி7, பி10 என்று பம்பில் ஒட்டியிருப்பது அந்த விழுக்காடுதான். பயோடீசல் ஈரத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்காமல் விட்டால், தட்டையான சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, அதிக டீசல் கேட்கும் ஏற்றத்தில் மட்டும் திணறும். உங்கள் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது.

மூன்றாவது, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கிளிப் போட்ட இடங்களைச் சுற்றி அடிப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு எல்லா வண்டியிலும் இருக்கும். ஒரே இடத்தில் ஈரமாக, தூசி கட்டிப் படிந்திருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. ஏறும்போது விசில் மாதிரி புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். நான்காவது, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயும். நெரிசலில் அதிகம் ஓடும் டீசல் வண்டியில் கரியும் எண்ணெயும் கலந்து தார் போல உள்ளே படிந்து காற்றுப் பாதையைக் குறுக்கிவிடும்.

பட்டறையில் வெறுமனே பழுதுக் குறியீட்டைப் படித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் விடாதீர்கள். ஸ்கேனரை மாட்டியபடி சரக்கோடு ஏற்றத்தில் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம் இரண்டிலும் இசியூ கேட்ட அளவு ஒரு வரியிலும் உண்மையில் கிடைத்த அளவு இன்னொரு வரியிலும் தெரியும். டர்போ வரி பின்தங்கினால் காற்றுப் பக்கம் பழுது, ரெயில் வரி பின்தங்கினால் டீசல் பக்கம் பழுது. இரண்டும் ஒட்டியே ஓடினால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. பிரேக் ஒட்டிப்பிடிக்கிறதா, டயரில் காற்று குறைவா, சரக்குதான் கூடிவிட்டதா என்று பாருங்கள். ஓட்டும் முறையிலும் ஒன்று செய்யலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம் முள்ளை 2,000க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ முழு மூச்சில் இருக்கும், கியரும் மாறி மாறித் தடுமாறாது.

உத்தரவாதம் முடிந்து, வண்டியிலும் பழுது எதுவும் இல்லாமல் இருந்து, அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், உங்கள் இன்ஜினுக்கென்றே செய்த, டர்போ சிக்னலையும் சேர்த்துக் கையாளும் பாக்ஸாக வாங்குங்கள். வண்டியின் கண்டறியும் சாக்கெட்டில் செருகும் மலிவுச் 'சிப்'களில் பல வெறும் விளக்குதான். ஆக்ஸிலரேட்டர் பெடலில் மாட்டும் கருவியும் சக்தியைக் கூட்டாது, கால் வைத்ததும் சீறுவது போல ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். மாட்டுவது கடினமில்லை. சாவியை எடுத்துவிட்டு இசியூ அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். சென்சாரின் சாக்கெட்டைப் பூட்டை அமுக்கிக் கழற்றி, பாக்ஸின் ஒயரை நடுவில் செருகி, இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கிறதா என்று பாருங்கள். ஒயரை டர்போவுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளிக் கட்டுங்கள். நம் ஊர் மழைக்கும் கார் கழுவும் இடத்துப் பிரஷருக்கும் தண்ணீர் புகாதபடி ரப்பர் சீல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாக்ஸை மிகக் குறைந்த அளவிலேயே வைத்து ஓட்டுங்கள். சென்சாரையோ டீசல் குழாயையோ மட்டும் ஸ்பானர் போட்டுத் தளர்த்திவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, சர்வீசுக்குப் போகும் முன் கழற்றிவிடலாம் என்று விற்பவர் சொல்வார். பாக்ஸைக் கழற்றலாம், இசியூவில் பதிந்த பழுதுக் குறியீடும் அந்த நேரத்து அளவுகளும் அங்கேயே இருக்கும். காப்புறுதி இன்னும் முக்கியம். இன்ஜின் மாற்றத்தை நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டில் சிக்கல் வரும், வியாபாரத்துக்கு ஓடும் வண்டிக்கு அது தாங்காது. புகைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. டீசல் வண்டிப் புகை 50 எச்எஸ்யூ (புகையின் கருமையை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறை சொல்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்பதை, வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் ட்ரைட்டன் பாக்ஸை வாங்காதீர்கள். அது மிட்சுபிஷி இன்ஜினுக்குச் செய்தது. சாக்கெட் தற்செயலாகப் பொருந்தினாலும், எந்த வோல்ட்டுக்கு எத்தனை பார் என்ற கணக்கு வேறு. அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: அவ்வளவு நல்ல பாக்ஸை ஏன் கழற்றினார்?