ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்: ஓல்டு சாரம் தொகுதி பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில், ஓல்டு சாரம் என்னும் பழங்கோட்டை மேடு இருக்கிறது. குடியிருப்பே இல்லாமல் போன பிறகும் இந்த மேடு சில நூற்றாண்டுகள் ஆங்கில நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 1832-இல்தான் அந்தத் தொகுதி ஒழிக்கப்பட்டது. அதன் வரலாற்றை நெடுநாள் படித்தும், அந்த மேட்டில் இருமுறை ஏறிப் பார்த்தும் அறிந்தவற்றைக் கொண்டு, வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): ஐயா, வணக்கம். ஆள் இல்லாத இடத்துக்கு முதலில் எப்படித் தொகுதி கிடைத்தது? யாராவது ஏமாற்றி வாங்கினார்களா?

பதில்: வணக்கம் அம்மா. ஏமாற்று எதுவும் நடக்கவில்லை. ஓல்டு சாரம் ஒரு காலத்தில் உண்மையாகவே பெருமை வாய்ந்த இடமாக இருந்தது. இரும்புக் காலத்து மண் அரணுக்குள் நார்மன் மன்னர்கள் கோட்டை கட்டினார்கள். முதலாம் வில்லியம் 1086-இல் நாட்டின் நிலவுடைமையாளர்களை இங்கே வரவழைத்துத் தமக்கு விசுவாச உறுதிமொழி அளிக்கச் செய்தார். 1092-இல் பேராலயம் ஒன்று அர்ப்பணிக்கப்பட்டது. ஐந்தே நாளில் புயல் அதைச் சேதப்படுத்தியது.

காற்றும், தண்ணீர்ப் பஞ்சமும், கோட்டைக் காவலர்களோடு ஓயாத சச்சரவும் சேர்ந்து பாதிரியார்களை மேட்டை விட்டு இறங்க வைத்தன. 1220-இல் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய சாலிஸ்பரி. 1331-இல் மூன்றாம் எட்வர்டு மன்னரின் அனுமதியோடு பழைய பேராலயத்தின் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

முதலாம் எட்வர்டு 1295-இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியபோது இந்த ஊருக்கும் அழைப்பு வந்தது. ஊர் அப்போதே தேய்ந்துகொண்டிருந்தது. இடையில் விட்டுப்போன அந்த வழக்கம் 14ஆம் நூற்றாண்டில் மீண்டும் தொடங்கி, பிறகு தொடர்ந்தது. எந்த ஊர் உறுப்பினரை அனுப்பலாம் என்பதை மக்கள்தொகையைக் கொண்டு மறுபடி கணக்கிடும் ஏற்பாடு அந்நாட்டில் 1832 வரை இருக்கவில்லை. ஒருமுறை கிடைத்த உரிமை, அதைப் பெற்ற ஊர் அழிந்தாலும் அழியாது. 1540-களில் அங்கே சென்ற ஜான் லேலண்டு என்னும் அறிஞர், மேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஆள் குடியிருக்கும் வீடு ஒன்றுகூட இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இரண்டு உறுப்பினர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி (திருநெல்வேலி, வழக்குரைஞர்): ஆளே இல்லையென்றால் வாக்களித்தது யார்?

பதில்: இந்தத் தொகுதியின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இங்கே வாக்குரிமை மனிதரைச் சேர்ந்ததாக இருக்கவில்லை. மனையைச் சேர்ந்ததாக இருந்தது. பழைய நகரத்தின் வீட்டு மனைகளுக்குப் பர்கேஜ் என்று பெயர். எந்தப் பர்கேஜ் மனை எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்த மனையின் வாக்கு. மனையில் வீடு இருக்க வேண்டும் என்பதோ, உரியவர் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதோ கட்டாயம் இல்லை. வீடு இடிந்து, மனை உழவு நிலமாகி, அதில் கோதுமை விளைந்தாலும் வாக்கு அந்த மண்ணிலேயே தங்கியிருக்கும்.

ஆகவே மனைகளை எல்லாம் ஒருவரே விலைக்கு வாங்கிவிட்டால் தொகுதி முழுவதும் அவர் கைக்குள் வந்துவிடும். ஒருவருக்கு ஒரு வாக்குத்தான் என்பதால், இத்தகைய தொகுதிகளின் உடைமையாளர்கள் தேர்தல் நெருங்கும்போது நம்பிக்கையான நண்பர்கள், உறவினர்கள், ஊழியர்கள் பெயரில் மனைகளை எழுதிக் கொடுப்பார்கள். தேர்தல் முடிந்ததும் பத்திரங்கள் உடைமையாளரிடமே திரும்பி வந்துவிடும். நம் ஊரில் பினாமி என்று சொல்வதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை அன்றைய நீதிமன்றமும் சபையும் முறையான நில உரிமையாகவே ஏற்றுக்கொண்டன. 1831-இல் ஓல்டு சாரத்தில் 11 வாக்காளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை.

வாக்குச்சாவடி என்று கட்டடம் எதுவும் கிடையாது. மேட்டின் அடிவாரத்து வயலில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் தேர்தலை நடத்தினார்கள். சுற்றுவட்டார மக்கள் அதைப் பார்லிமென்ட் மரம் என்றே அழைத்தார்கள்.

கேள்வி (சென்னை நுங்கம்பாக்கம்): கோகினூர் போன்ற ஒரு வைரத்தை விற்ற பணத்தில் சென்னை கவர்னர் ஒருவர் இந்தத் தொகுதியை வாங்கியதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை, ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மற்றப் பாதி சரியாகிவிடும். அவர் பெயர் தாமஸ் பிட். 1653-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே உரிய கடல் வாணிபத்தை, கம்பெனியின் அனுமதி இல்லாமலே இந்தியாவில் செய்து பொருள் ஈட்டினார். கம்பெனி அவரோடு பல ஆண்டுகள் போராடிப் பார்த்துவிட்டு, முடிவில் அவரையே 1698-இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக அமர்த்தியது. 1709 வரை அவர் அங்கே இருந்தார்.

ஓல்டு சாரத்தை அவர் சாலிஸ்பரி பிரபுவின் குடும்பத்திடமிருந்து வாங்கியது 1690-களின் தொடக்கத்தில். ஆளுநர் ஆவதற்கும் முன்னால், வைரம் கண்ணில் படுவதற்கும் முன்னால். 1695 முதல் 1698 வரை தாமே அதன் உறுப்பினராகவும் இருந்தார். எனவே தொகுதியை வாங்கியது அவருடைய முந்தைய இந்திய வாணிபப் பணம். வைரம் வந்தது அதற்குப் பிறகு. ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லை 48,000 வராகனுக்கு, அதாவது சுமார் 20,400 பவுண்டுக்கு, அவர் வாங்கினார். 1717-இல் பிரான்சின் அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு அதை 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்தப் பணம் வந்த காலத்தில் அவர் கார்ன்வாலில் வாங்கிய போகானக் பண்ணையைத்தான் வைரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். ரீஜண்ட் என்று பெயர் பெற்ற அந்த வைரம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் நுங்கம்பாக்கத்திலிருந்து கேட்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1708-இல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு நுங்கம்பாக்கமும் கம்பெனியின் கைக்கு வந்தது இதே பிட் ஆளுநராக இருந்தபோதுதான். உங்கள் தெருவும் அந்த ஆங்கில மேடும் ஒரே மனிதரின் கைப்பட்டவை.

கேள்வி (கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்): பிரதமர் வில்லியம் பிட் இந்தக் குடும்பமா சார்?

பதில்: ஆம் தம்பி. ஆளுநரின் பேரன்தான் மூத்த வில்லியம் பிட். 1735-இல், 26 வயதில், அவர் முதன்முதலாகச் சபைக்குள் நுழைந்தது ஓல்டு சாரம் உறுப்பினராகத்தான். அண்ணன் தாமஸ் இரண்டு இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டு வேறொன்றை வைத்துக்கொண்டதால் குடும்பத் தொகுதி தம்பிக்குக் கிடைத்தது. அவரே 1766-இல் காமன்ஸ் சபையில் பேசும்போது, இத்தகைய தொகுதிகள் அரசமைப்பின் அழுகிய பகுதி என்றும், இவை இன்னும் நூறு ஆண்டு தாங்கா என்றும், தாமாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். 66 ஆண்டுகளில் வெட்டி எடுத்தார்கள்.

அவர் மகன் இளைய பிட் பிரதமராக இருந்தபோது, 1785-இல், 36 சிறு தொகுதிகளை அவற்றின் உடைமையாளர்களுக்கு ஈட்டுத் தொகை கொடுத்து ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதற்காக ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கலாம் என்றார். சபை 248-க்கு 174 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. அந்தத் திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் மக்களுக்கு உரிய ஒன்றை மக்கள் வரிப்பணத்திலேயே திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பிரதமரே கருதினார் என்றால், தொகுதி என்பது எந்த அளவுக்குச் சொத்தாக மாறியிருந்தது என்பது விளங்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வேறு எவர் எவர் இந்தத் தொகுதியில் இருந்தார்கள்?

பதில்: நீண்ட பட்டியல். இருவரை மட்டும் சொல்கிறேன். ஜான் ஹார்ன் டூக் என்பவர் தீவிரச் சீர்திருத்தவாதி; 1794-இல் ராஜத்துரோக வழக்கில் நின்று விடுதலையானவர். 1801-இல் பிட் குடும்பத்தின் அன்றைய வாரிசான கேமல்போர்டு பிரபு அவரை ஓல்டு சாரம் உறுப்பினராக்கினார். டூக் முன்பு பாதிரியார் பட்டம் பெற்றவர் என்பதைக் காட்டி ஆட்சேபம் எழுந்தது. அதன் விளைவாகப் பாதிரியார்கள் காமன்ஸ் சபையில் அமரக்கூடாது என்று அதே ஆண்டில் சட்டமே இயற்றினார்கள். அந்தத் தடை 2001-இல்தான் நீங்கியது. வெகுமக்கள் வாக்குரிமைக்காகப் பேசிய மனிதர் இப்படிப்பட்ட தொகுதி வழியாகச் சபைக்குள் வந்ததை அவருடைய எதிரிகள் சும்மா விடவில்லை. வேறு வழி அவருக்கு அடைபட்டிருந்தது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் இருமுறை போட்டியிட்டுத் தோற்றவர் அவர்.

இன்னொருவர் நிக்கோலஸ் வான்சிட்டார்ட். வங்காள ஆளுநராக இருந்தவரின் மகன். 1802 முதல் 1812 வரை இங்கே உறுப்பினராக இருந்து, பிறகு நிதியமைச்சர் ஆனார்.

கேள்வி (சிங்கப்பூர்): அதை விற்றால் எவ்வளவு கிடைத்திருக்கும்?

பதில்: 1802 வாக்கில் கேமல்போர்டு அதைக் கேலடன் பிரபுவின் குடும்பத்துக்கு 60,000 பவுண்டுக்கு விற்றார். மேய்ச்சலும் உழவும் மட்டுமே நடக்கும் அந்த நிலத்துக்கு அது பொருந்தவே பொருந்தாத விலை. வாங்கியவர்கள் இரண்டு உறுப்பினர் பதவிகளுக்குத்தான் விலை கொடுத்தார்கள். கேலடன் குடும்பத்தின் செல்வமும் இந்தியாவில் ஈட்டியதே.

கேள்வி (வேலூர்): அப்படியானால் நம் நாட்டுப் பணம் அவர்களுடைய தேர்தலையே ஆட்டிவைத்தது என்று சொல்லலாமா?

பதில்: ஆட்டிவைத்தது என்பது மிகை; ஆழமாக ஊடுருவியது என்பது சரி. உங்கள் பக்கத்து ஆர்க்காட்டையே சான்றாகச் சொல்லலாம். நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கொடும் வட்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஊழியர்களில் பால் பென்பீல்டு முதன்மையானவர். அவர் 1780-இல் கிரிக்லேடு தொகுதியில் உறுப்பினரானார். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய பேருரையில், முந்தைய சபையில் பென்பீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கியிருந்தார் என்று குற்றம் சாட்டினார். கருநாடகத்து உழவர்களிடம் கசக்கிப் பிழிந்த நிலவரி, கடன் தவணையாகக் கப்பலேறி, அங்கே வாக்கு விலையாக இறங்கியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். அந்த உரையை ஆற்றிய பர்க் அன்று மால்டன் என்னும், ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதியின் உறுப்பினர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திறமையானவர்களை உள்ளே கொண்டுவர இத்தொகுதிகள் உதவுகின்றன என்று வாதிட்டவர்கள் அவரைப் போன்றோரையே சுட்டிக் காட்டினார்கள். எத்தனையோ திறமைசாலிகள் பிரபுக்களின் அறிமுகம் இல்லாததால் வெளியிலேயே நின்றார்கள் என்பது என் மறுமொழி.

கேள்வி (சேலம்): பக்கத்தில் வளர்ந்த சாலிஸ்பரி நகர மக்களாவது வாக்களித்தார்களா?

பதில்: பெரும்பாலோர் இல்லை. அங்கே வாக்குரிமை நகராட்சி மன்றத்தாருக்கு மட்டுமே. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழ ஐம்பது பேர்தான் வாக்காளர்கள். மேட்டை மட்டும் பழித்துவிட்டுக் கீழே உள்ள நகரத்தை மறந்துவிடுகிறோம்.

கேள்வி (ஈரோடு): 1832-இல் எப்படி ஒழிந்தது? இழப்பீடு கிடைத்ததா?

பதில்: 1831 மார்ச்சில் லார்டு ஜான் ரஸ்ஸல் சீர்திருத்த மசோதாவை முன்வைத்தார். பிரதிநிதித்துவ ஆட்சியின் சிறப்பைக் கேள்விப்பட்டு ஓர் அயல்நாட்டார் இங்கிலாந்துக்கு வந்தால், அவரை ஒரு பச்சை மேட்டுக்கு அழைத்துச் சென்று, இம்மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டார். அப்போது மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களுக்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூட இல்லை. மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 302-க்கு 301 என்று ஒரே வாக்கில் தப்பியது. ஆனால் அது நிறைவேறவில்லை. அடுத்துக் கொண்டுவந்த இரண்டாம் மசோதாவை அக்டோபரில் மேலவையான பிரபுக்கள் சபை தள்ளியபோது பிரிஸ்டலிலும் நாட்டிங்காமிலும் கலவரம் வெடித்தது. மூன்றாவதாக வந்த மசோதாதான் 1832 ஜூன் 7 அன்று சட்டமாயிற்று. முழுவதுமாக ஒழிக்கப்பட்ட 56 தொகுதிகளில் ஓல்டு சாரமும் ஒன்று. கடல் விழுங்கிக்கொண்டிருந்த டன்விச்சும், ஏழு பேர் மட்டுமே வாக்களித்த காட்டனும் அதே பட்டியலில் இருந்தன.

இழப்பீடாக ஒரு காசும் தரப்படவில்லை. அயர்லாந்து நாடாளுமன்றம் 1800-இல் கலைக்கப்பட்டபோது பறிபோன ஒவ்வொரு தொகுதிக்கும் 15,000 பவுண்டு கொடுத்திருந்தார்கள். 1832-இல் அதை மறுத்ததைத்தான் அந்தச் சட்டத்தின் மிக முக்கியமான செயலாக நான் கருதுகிறேன். வாக்கு விலைபோகும் சொத்து அன்று என்பதை நாடாளுமன்றம் முதன்முறையாகத் தன் செயலால் ஒப்புக்கொண்டது. இரகசிய வாக்குமுறை வர மேலும் 40 ஆண்டுகள் ஆயின. பெண்களோ இந்தச் சட்டத்திலேயே வெளிப்படையாக விலக்கப்பட்டார்கள்.

கேள்வி (புதுச்சேரி): இன்று போனால் என்ன பார்க்கலாம், ஐயா?

பதில்: நான் போன முதல் நாள் காலையில் புல்லெல்லாம் பனியில் நனைந்திருந்தது. உள் மேட்டில் கோட்டைச் சுவர்களின் சிதைவு நிற்கிறது. மெருகுக் கல்லை உரித்துக்கொண்டு போய்விட்டதால், உள்ளே நிரப்பிய தீக்கல்லும் சுண்ணச்சாந்தும் மட்டும் பல் விழுந்த ஈறு போலத் தெரிகின்றன. கீழே பேராலயத்தின் அடித்தள வடிவத்தைப் புல்லில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். தெற்கே திரும்பினால் புதிய பேராலயத்தின் 404 அடி உயரக் கூர்கோபுரம்.

நேரம் இருந்தால் அடிவாரத்தில் உள்ள ஸ்ட்ராட்போர்டு சப் கேசில் என்ற சிற்றூருக்கும் இறங்கிப் போங்கள். அங்குள்ள சிறிய தேவாலயத்தின் கோபுரத்தில், கீழே சாலையிலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், தாமஸ் பிட் கொடையாளர் என்றும் 1711 என்றும் பொறித்திருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பி, மறுபடி ஓல்டு சாரம் உறுப்பினராகி ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில் அவர் செய்த திருப்பணி அது.