யார் தடுத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருச்சியில் முதுகலை படிக்கிறேன். கிழக்காசிய சினிமாவில் இளம்பெண்கள், காதல், கிராம மரபு என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்காகச் சீன இயக்குநர் ஜாங் யிமோவின் 'தி ரோட் ஹோம்' பார்த்தேன். மிகவும் மெதுவாகப் போனதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடிக்க முடிந்தது. அழகான படம்தான். ஆனால் கதாநாயகிக்குச் சமைப்பதையும் காத்திருப்பதையும் தவிர வேறு வேலையே இல்லை. பெண்ணடிமைத்தனத்தை அழகாக்கிக் காட்டுகிறது என்று என் தோழிகள் சொல்கிறார்கள். காதலுக்கு முதல் எதிரி கிராம மரபுதானே? இந்தப் பொருளில் பார்க்க வேண்டிய பத்துப் படங்களைச் சொல்வீர்களா? கொரியத் தொடர்களையும் சேர்க்கலாமா?

இது எனக்கு வெறும் கட்டுரை அல்ல. வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

க.

அன்புள்ள க.,

பத்துப் படங்களின் பட்டியல் தரமாட்டேன். ஒரு படத்தையே ஒழுங்காகப் பார்க்காதவருக்குப் பத்து எதற்கு? கொரியத் தொடர்கள் வேண்டாம், கட்டுரை சிதறிவிடும்.

அது ஒன்றரை மணி நேரப் படம். அதை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிட்டு, கதாநாயகிக்கு வேலையே இல்லை என்று எழுதுகிறீர்கள். அவள் செய்வதையெல்லாம் ஓட்டிவிட்டால் வேலை எப்படித் தெரியும்? கதாநாயகியாக நடித்த ஜாங் சீயி அந்தக் குன்றுகளில் ஓடுகிற ஓட்டமும், பாதையோரம் நிற்கிற நிற்பும்தான் படம். கதையைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கோபம் போதும். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் அந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பாக ஒரு கேள்வியை: அந்தக் காதலை யார் தடுத்தது?

கதாநாயகி ஜாவ் டி அந்த ஊரின் எந்த வழக்கத்தையும் மீறவில்லை. புதிய பள்ளிக்கூடத்தின் உத்தரத்தில் சுற்ற ஊரிலேயே அழகான பெண் சிவப்புத் துணி நெய்து தர வேண்டும் என்பது வழக்கம். நெய்து தருகிறாள். கட்டட வேலை செய்யும் ஆண்களுக்கு வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறாள், தன் கிண்ணம் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் கைக்குப் போகும்படி இடம் பார்த்து வைக்கிறாள். தண்ணீர் எடுப்பது பெண்ணின் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறாள். ஊர் அவளுக்குக் கொடுத்த ஒவ்வொரு வேலையையும் அவன் இருக்கும் திசைக்குத் திருப்பிக்கொள்கிறாள். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று உங்கள் தோழிகள் ஒரு நிமிடம் யோசித்தார்களா? வீட்டார் பார்த்து முடித்து வைப்பதுதான் கல்யாணம் என்றிருந்த ஊரில், தானாக ஒருவனை விரும்பிய முதல் பெண் அவள்.

ஊர் அவளைத் தடுக்கவில்லை. வாத்தியாரை விசாரணைக்கென்று நகரத்துக்கு அழைத்துப் போனவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல. அது ஐம்பதுகளின் கடைசி. படித்தவர்களை வலதுசாரிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடிய காலம். அவளைப் பார்க்க அனுமதியின்றி ஓடி வந்ததற்குத் தண்டனையாக மேலும் இரண்டு ஆண்டுகள் பிரித்து வைக்கிறார்கள். தடுத்தது அரசாங்கம், க. அலுவலகமும் உத்தரவும் அனுமதிச் சீட்டும். படம் அதை உரக்கச் சொல்லவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இதையே இன்னும் கடுமையாகச் சொன்ன படம் 1984இல் சென் கெய்கே எடுத்த 'யெல்லோ எர்த்'. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் இதே ஜாங் யிமோ. 1939, வட ஷான்சியின் வறண்ட மண்மேடுகள். சட்டகம் முழுவதும் மஞ்சள் மண், மேலே ஒரு கீற்று வானம், நடுவில் வாளிகளைச் சுமந்து வரும் ஒரு சின்ன உருவம். அதுதான் சுய்ச்சியாவ். பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமி. சிறு வயதிலேயே நிச்சயம் செய்யப்பட்டவள். அவளுக்காக வாங்கிய பரிசப் பணம் அம்மாவின் ஈமச்சடங்குக்கும் தம்பியின் நிச்சயத்துக்கும் போய்விட்டது. மீன் வாங்க வழியில்லாத ஊர், கல்யாணப் பந்தியில் மரத்தில் செதுக்கிய மீனைப் பரிமாறுகிறார்கள். அந்த மர மீனை கேமரா நெருங்கிக் காட்டும்போது எனக்கு வயிறு கலங்கும். இங்கே மரபு கொடியதா என்று கேட்டால், ஆம், கொடியது. ஐயமே இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு கம்யூனிஸ்டுப் படைவீரன் அந்த வீட்டில் வந்து தங்குகிறான். கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யானானில் பெண்கள் படிக்கிறார்கள், முடியை வெட்டிக்கொள்கிறார்கள், தங்கள் கல்யாணத்தைத் தாங்களே முடிவு செய்கிறார்கள் என்று சொல்கிறான். என்னையும் அழைத்துப் போங்கள் என்கிறாள். அவன் என்ன சொல்கிறான்? தலைமையிடம் அனுமதி வாங்க வேண்டும், அது விதி என்கிறான். அனுமதியோடு திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவளைக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். இரவில் தனியாகப் படகேறி மஞ்சள் ஆற்றைக் கடக்கப் பார்க்கிறாள். அவன் கற்றுக்கொடுத்த பாட்டு ஆற்றின் நடுவில் பாதியில் நின்றுபோகிறது.

அப்பாவுக்கு ஒரு விதி இருந்தது. விடுதலை கொண்டுவந்தவனுக்கும் ஒரு விதி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் மூழ்கினாள். கிராம மரபை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு மற்றவர்களைத் தப்ப விடும் கட்டுரைகளை நான் ஏராளமாகப் படித்துவிட்டேன், பரிசு வாங்கிய கட்டுரைகள் உட்பட. அவை எல்லாம் பட்டிக்காட்டு அப்பனைத் திட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. அவனைத் திட்டுவது சுலபம், அவன் பதில் எழுதப் போவதில்லை. அந்தப் படைவீரன் நல்லவன், அன்பானவன். அதனாலேயே அவனைப் பற்றி எழுதுவது கடினம், கட்டாயம் எழுதியாக வேண்டியதும் அதுவே.

மறுபடி 'தி ரோட் ஹோம்'. கிண்ணம் தைக்கிற காட்சி நினைவிருக்கிறதா? அவனுக்காகச் செய்த கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடி, ஜாவ் டி விழுகிறாள். பீங்கான் கிண்ணம் உடைகிறது. அழுதழுது கண்ணை இழந்த அவளுடைய அம்மா, அவர் படித்தவர், நமக்கு எட்டாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஊர் ஊராக வரும் தொழிலாளியைக் கூப்பிட்டு அந்தத் துண்டுகளைக் கொடுக்கிறாள். அவர் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, சின்னத் துரப்பணத்தால் பீங்கானில் துளையிட்டு, உலோகக் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறுக்குகிறார்.

இந்தப் படத்தை என் அம்மாவோடு ஒருமுறை பார்த்தேன். அவருக்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலத் துணைவசனமும் படிக்க வராது. கதையை இடையிடையே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தக் காட்சியில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "அந்த அம்மாள் சம்மதித்துவிட்டாள்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "புதுக் கிண்ணம் வாங்காமல் இதற்குக் காசு கொடுக்கிறாளே" என்றார். அம்மாவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம். யாரை விரும்புகிறாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அதற்கு மேல் அன்று அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைக் கவனிக்காமல் இல்லை, குழந்தை. உங்கள் அம்மா ஒத்துக்கொள்வார் என்று நான் வாக்குத் தர முடியாது. சீன எழுத்தாளர் ஷென் சோங்வென் எழுதிய 'சியாவ்சியாவ்' கதையைப் படியுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை மூன்று வயதுகூட ஆகாத கணவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். அவள் வேறொருவனால் கர்ப்பமாகிறாள். மூழ்கடிப்பதா விற்பதா என்று குடும்பம் யோசிக்கிறது. வாங்க ஆள் வரவில்லை, பிறந்தது ஆண் பிள்ளை, அதனால் தப்பிக்கிறாள். பின்பு அந்தப் பிள்ளைக்கே மூத்த பெண்ணொருத்தியை மணம் முடிக்கிறார்கள், அவளும் அந்த வீட்டில் இருந்து பார்க்கிறாள். தான் பட்டதை அடுத்தவளுக்கும் கொடுக்கிற அம்மாக்கள் உண்டு. கண் தெரியாமல் கிண்ணம் தைக்கக் கொடுக்கிற அம்மாக்களும் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பவர் யாரென்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. 'தி ரோட் ஹோம்' படத்தின் தொடக்கத்தில் கிழவியாகிவிட்ட ஜாவ் டி, கணவனின் உடலை வண்டியில் கொண்டுவரக் கூடாது, பழைய வழக்கப்படி தோளில் சுமந்து நடந்தே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். இறந்தவர் வீட்டுக்கு வரும் வழியை மறந்துவிடக் கூடாது அல்லவா? மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியோடு அந்த ஊரில் கைவிடப்பட்ட வழக்கம் அது. ஊர்த் தலைவர் தயங்குகிறார், மகன் தயங்குகிறான். அவள் தறியில் உட்கார்ந்து பிணப்பெட்டிக்குத் துணி நெய்கிறாள். கடைசியில் பழைய மாணவர்கள் பனியில் வந்து கூலி வாங்காமல் சுமக்கிறார்கள். ஊரே விட்டுவிட்ட மரபை ஒரு கிழவி தன் காதலுக்காகத் திரும்ப வரவழைத்தாள். இதை அடிமைத்தனம் என்று உங்கள் தோழிகள் சொல்வார்களானால், அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

கட்டுரைக்கு என்னால் ஆகக்கூடிய உதவி ஒன்றுதான். 'மரபு தடுத்தது' என்று எழுத வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஆளின் பெயரை எழுதுங்கள்: அப்பா, தரகர், மாமியார், படைத்தலைமை, விசாரணை அதிகாரி. யாரென்று எழுத முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அன்புடன்