கரண்ட் குட்டியானை எடுக்கலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கோயம்புத்தூரில் மூன்று லோடு வண்டி வைத்திருக்கிறேன். இரண்டு கரண்ட் வண்டி, ஒன்று பழைய டீசல். முதல் கரண்ட் வண்டியை 2023-இல் எடுத்தேன், மீட்டரில் 60 ஆயிரம் தாண்டிவிட்டது. மளிகை, தண்ணீர் கேன், காய்கறி என்று லைன் ஓட்டுகிறேன், அதாவது தினமும் அதே கடைகளுக்கு. குட்டியானை என்று நான் சொல்வது எல்லாக் கம்பெனியின் சின்ன லோடு வண்டிகளையும் சேர்த்துத்தான். என் வண்டி எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை, யாரோடும் சண்டையும் இல்லை.

திருப்பூர், பனியன் துணி ஏற்றுபவர்: ஒரு சார்ஜுக்கு கம்பெனி 160 கிலோமீட்டர் என்கிறது, ஷோரூம் பையன் 130 என்கிறான். உண்மையில் எவ்வளவு அண்ணா போகும்?

என் வண்டி ஃபுல் லோடில் 100, 110 போகிறது. பேட்டரி சுமார் 21 யூனிட் கரண்ட் பிடிக்கும். 2022-இல் டாடா ஏஸ் இ.வி.யை அறிமுகம் செய்தபோது 154 என்றார்கள், 2024-இல் வந்த ஒரு டன் மாடலுக்கு 161 என்றார்கள். அதெல்லாம் சான்றிதழுக்காக நடத்தும் சோதனையில் கிடைத்த எண். அவிநாசி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு கிடைக்கிற எண் வேறு.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டீசலில் ஊருக்குள் மைலேஜ் குறையும், பைபாஸில் ஏறும். இதில் தலைகீழ். ஊருக்குள் ஒவ்வொரு தடவை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. பைபாஸில் 65-இல் போனால் காற்றைக் கிழிப்பதற்கே பாதி போய்விடும், அதிலும் தார்ப்பாய் உயரமாகக் கட்டியிருந்தால் சுவரைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. பைபாஸில் எனக்கு 85 தாண்டியதில்லை. அப்புறம், கடைசி 15, 20 சதவீதத்தை எந்த டிரைவரும் தொட மாட்டான், பயம். அதனால் தினமும் நம்பி ஓட்டக்கூடியது 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: மாதம் எவ்வளவு மிச்சம்? கணக்கோடு சொல்லுங்கள்.

சரி, நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 0.22 யூனிட். யூனிட் சராசரி 10 ரூபாய் என்றால் 2 ரூபாய் 20 காசு. டீசல் வண்டி லோடோடு ஊருக்குள் 17 தருகிறது, லிட்டர் 93 என்றால் 5 ரூபாய் 47 காசு. வித்தியாசம் ரூபாய் 3.25 சொச்சம்.

மாதம் 2000 கிலோமீட்டர் ஓட்டினால் 6500 ரூபாய் மிச்சம். நான் வாங்கும்போது இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் நாலரை லட்சம். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறு வருஷம். ஆயில், ஃபில்டர், கிளட்ச் பிளேட் செலவு இல்லாததால் எனக்கு வருஷம் 15 ஆயிரம் மிஞ்சுகிறது, அதையும் சேர்த்தால் ஐந்து வருஷத்துக்குள் வரும். மாதம் 3000 ஓட்டினால் நாலு வருஷம்கூட ஆகாது. மாதம் 1000 தான் ஓடுகிறது என்றால் டீசல் மிச்சத்தை மட்டும் வைத்து 11 வருஷத்துக்கு மேல். ஓடாத வண்டிக்கு இது ஆகாது. "கொஞ்சம்தான் ஓட்டம், அதனால் கரண்ட் வண்டி போதும்" என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோவை விட்டார்கள், அதன் கரண்ட் மாடல் ஆறரை லட்சத்தில் தொடங்கியது, 750 கிலோ ஏற்றலாம். இன்னொரு பக்கம், டீசல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. கரண்ட் வண்டிக்கு 2019-லிருந்தே 5 தான். அதனால் என் நாலரை லட்சத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள், இன்றைக்கு இரண்டு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்.

பொள்ளாச்சி, தேங்காய் வியாபாரம்: வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாமா?

போடலாம். 15 ஆம்ப் பிளக் போதும், ராத்திரி போட்டால் ஏழு மணி நேரத்தில் நிறையும். ஆனால் அந்த பிளக்குக்கு மெயினிலிருந்து தனி வயர், தனி டிரிப்பர், நல்ல எர்த் வேண்டும். நான் முதல் மாதம் வாடகை ஷெட்டில் இருந்த பழைய பிளக்கில் போட்டேன். மிக்ஸி, கிரைண்டர் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும், இது விடியவிடிய முழு வேகத்தில் இழுக்கும். பத்தாவது நாள் காலையில் பிளக்கைப் பிடுங்கப் போனால் வரவில்லை. சாக்கெட் உருகி, பிளக்கின் கம்பி அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கை அகலத்துக்குக் கரி. நல்லவேளை, பக்கத்தில் சாக்குமூட்டை எதுவும் அடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து 4 எம்.எம். வயர் இழுத்துக் கொடுத்தார், அன்றிலிருந்து தொந்தரவு இல்லை.

பில் விஷயம் தனி. மாதம் 2000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 880 யூனிட் வண்டிக்கே போகும். வீட்டு மீட்டரில் 500-ஐத் தாண்டினால் ரேட் எப்படி ஏறும் என்று வீட்டில் பில் கட்டுபவரைக் கேளுங்கள். தொழில் வண்டிக்கு வீட்டு மீட்டரில் ஏற்றுவதும் சரிவராது. ஈ.பி. ஆபீசில் போய்த் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், கணக்கும் தெளிவாக இருக்கும்.

சேலம்: பொது சார்ஜரை நம்பி ஓட்டலாமா?

அவசரத்துக்கு மட்டும். யூனிட் ரேட் நம் ஷெட்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, டீசலில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். ஃபாஸ்ட் சார்ஜரிலும் நம் வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பின்னால் கார்க்காரர் வந்து நின்று, தக்காளிக் கூடையோடு நிற்கிற நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே அவசரம் இல்லாமல் நான் போவதில்லை. எல்லா மாடலிலும் ஃபாஸ்ட் சார்ஜ் இருக்காது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர், மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குபவர்: மலைக்கு இது ஏறுமா? எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்.

வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். முதலில் என் அனுபவம். ஒரு தடவை லோடோடு குன்னூர் போனேன். கோவையில் 100 சதவீதத்தில் கிளம்பி மேட்டுப்பாளையம் வந்தபோது 66. அங்கே நிறுத்தி 90 வரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். குன்னூரில் 31. அதாவது 33 கிலோமீட்டர் ஏற்றம் கிட்டத்தட்ட 60 சதவீதத்தைச் சாப்பிட்டுவிட்டது. இழுவைக்குக் குறையே இல்லை, கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் மிதித்துத் திண்டாட வேண்டியதில்லை, காலை வைத்தால் போகிறது. ஆனால் இரண்டு டன் எடையை ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறோம், அந்தத் தூக்கலுக்கு மட்டுமே எட்டு யூனிட் ஆகும்.

இறங்கும்போது வண்டி காலி. பர்லியாறு தாண்டி அடிவாரம் வந்து பார்த்தால் 36 காட்டுகிறது. 33 கிலோமீட்டர் ஓட்டியும் ஐந்து சதவீதம் ஏறியிருக்கிறது!

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். உங்களுக்கு லோடு இறங்கும்போது, காலி ஏறும்போது. எனக்கு நேர்மாறு. கேரட் மூட்டையோடு இறங்குகிற எடையே உங்கள் பேட்டரியை நிரப்பும், காலி வண்டியை மேலே ஏற்ற அதில் ஒரு பங்கு உதவும். டீசலில் இறங்கும்போது பிரேக் லைனிங் கருகுகிற வாசனையாகப் போவதுதான் இதில் கரண்டாக வருகிறது. தமிழ்நாட்டில் இந்த வண்டிக்கு உங்களுடையதைவிட நல்ல ரூட் இருக்குமா தெரியவில்லை.

ஒரே எச்சரிக்கை. மேலே ராத்திரி 100 வரை ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி கரண்டை வாங்கிக்கொள்ளாது, அப்போது மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பழகின பிடிப்பு இல்லாமல் முதல் வளைவிலேயே வண்டி ஓடுவது போலத் தெரியும். 80, 85-இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள். கால் பிரேக் எப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரூர்: ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றலாமா? டீசலில் ஏற்றுகிறோமே.

நகரும், அதுதான் ஆபத்தே. இந்த மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும், அதனால் டிரைவருக்கு எடை தெரியாது. சாயங்காலம் சதவீதத்தில்தான் தெரியும். ஒருநாள் சிமெண்ட் மூட்டை கூடுதலாக ஏற்றி ஒரு மேம்பாலத்தில் மோட்டார் சூடாகி, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறான், நான் 15-இல் நகர்கிறேன். வேண்டாம்.

சென்னை, வேளச்சேரி: மழைத் தண்ணீரில் போகலாமா?

மழையில் போகலாம். வெள்ளத்தில் போகாதீர்கள். பேட்டரிக்கு நல்ல சீல் இருக்கிறது, ஆனால் வீல் ஹப்புக்கு மேல் தண்ணீர் நின்றால் நான் எந்த வண்டியையும் விட மாட்டேன். மூழ்கி நின்ற வண்டியில் சார்ஜர் சொருகவே கூடாது, சர்வீஸில் பார்த்த பிறகுதான்.

தேனி: பெர்மிட், எஃப்.சி., லைசென்ஸ்?

பேட்டரி சரக்கு வண்டிக்கு 2018-லிருந்து பெர்மிட் தேவையில்லை. நம்பர் பிளேட் பச்சையில் மஞ்சள் எழுத்து. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, உண்டு, புது வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கார் லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாம், 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உறுதி செய்துவிட்டது.

மதுரை: ரிப்பேர் வந்தால்?

இங்கேதான் வலிக்கும். டீசல் வண்டி நின்றால் எந்த ஊர் முக்கிலும் ஒரு மெக்கானிக் கிடைப்பார். எனக்கு ஒரு சனிக்கிழமை விடிகாலை எம்.ஜி.ஆர். மார்க்கெட் வாசலில் திரையில் சிவப்பு எழுத்து வந்து வண்டி நின்றது. உள்ளே 28 பெட்டி தக்காளி. பழகின மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, அதிக வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது கம்பெனிக்காரன் வந்தாத்தான் ஆகும்ங்க." கம்பெனி ஆள் லேப்டாப்போடு செவ்வாய்க்கிழமை வந்தார். இருபது நிமிஷ வேலை, ஒரு சென்சார் கனெக்டர். வாரண்டியில் காசு வாங்கவில்லை, ஆனால் மூன்று நாள் வாடகை வண்டிக்குக் கொடுத்ததை யார் தருவார்கள்? எடுப்பதற்கு முன் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள், விலையைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நாமக்கல்: பேட்டரி போய்விட்டால் வண்டியே போனது போலத்தானே? விற்றால் என்ன கிடைக்கும்?

பேட்டரி திடீரென்று செத்துப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 60 ஆயிரத்தில் எனக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. டாடா ஏஸ் இ.வி.க்கு ஏழு வருஷம் அல்லது 1.75 லட்சம் கிலோமீட்டர் பேட்டரி வாரண்டி என்று அறிவித்தார்கள். மற்ற கம்பெனிகளிலும் எத்தனை வருஷம் என்பதோடு, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விற்பனைதான் சங்கடம். சும்மா விலை கேட்கலாம் என்று பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் நிறுத்தினேன். அவர் டயரை உதைத்தார், படுதாவைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் "பேட்டரி எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, நான் போட்ட காசில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சொன்னார். அவர் மேல் தப்பில்லை. டீசல் இன்ஜினைச் சத்தத்தில் கண்டுபிடிப்பார், இதில் சத்தமே இல்லையே. மூன்று வருஷத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் தள்ளி நில்லுங்கள்.

கோவை, டிரைவர் ஒருவர்: ஓனர் கணக்கு எல்லாம் சரி, ஓட்டுகிறவனுக்கு என்ன?

நியாயமான கேள்வி. டீசல் குட்டியானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். சித்திரை வெயிலில் அடுப்பு மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் முதுகும் தொடையும் கொதிக்கும். இதில் அந்தச் சூடு இல்லை, கியர் இல்லை, அதிர்வு இல்லை. என் டிரைவர் இப்போது டீசல் சாவியைக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார். தொந்தரவு என்றால் சத்தமில்லாததுதான். சந்தில் மிளகாய் காயப்போடும் பாட்டி நகர மாட்டார், வண்டிக்கடியில் தூங்கும் நாய் எழுந்திருக்காது. கிளம்புவதற்கு முன் குனிந்து பார்ப்பது எங்கள் ஷெட்டில் சட்டம்.

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி: இங்கே ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மாதிரி பெரிய பிக்கப் இருக்கிறதே, அதோடு ஒப்பிட முடியுமா?

அது வேறு ஜாதி தம்பி. அந்த வண்டியின் எடையே மூன்று டன் பக்கம், என் வண்டியையும் லோடையும் சேர்த்தாலும் அந்த எடை வராது. 2022-இல் விற்பனைக்கு வந்தது, அதை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் ஃபோர்டே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே டிரெய்லர் கட்டி இழுத்தால் தூரம் பாதியாகிறது என்று புலம்புகிறார்களே, அதே புலம்பல்தான் இங்கே தார்ப்பாய்க்கும். கரண்டு போனால் வீட்டுக்கே கரண்ட் கொடுக்குமாமே உங்கள் வண்டி, அதில் மட்டும் எனக்குப் பொறாமை.

ஸ்டாண்டில் நிற்கும் நண்பர்: அப்போ நான் எடுக்கலாமா, வேண்டாமா?

லைன் வண்டி என்றால் எடுங்கள். தினம் அதே கடைகள், அதே 70, 80 கிலோமீட்டர், ராத்திரி சொந்த ஷெட். ஸ்டாண்டு வண்டி என்றால் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு ஒருவர் வந்து "வீட்டுச் சாமான், திண்டுக்கல் போகணும்" என்பார், நல்ல வாடகை. உங்கள் மீட்டரில் 45 சதவீதம் இருக்கும். பக்கத்து வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க வேண்டியதுதான்.

அதே நண்பர்: இவ்வளவு சொல்கிற நீங்கள் டீசலை ஏன் விற்கவில்லை?

திண்டுக்கல் வாடகைக்காகத்தான். மாதத்தில் நாலைந்து நாள் வெளியூர் வரும். மற்ற நாளெல்லாம் ஷெட் ஓரத்தில் நிற்கிறது. போன மாதம் ஒரு அவசர லோடுக்கு எடுக்கப் போனால் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் தள்ளித்தான் கிளப்பினோம்.