தாது வருஷம் முதல் மொட்டை மாடி மழைமானி வரை: பெங்களூர் வாசகர்களின் வானிலைக் கேள்விகள்

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டில் "தாது வருஷம் மாசி மாதம் ஆம்பூர் விட்டு தண்டுக்கு வந்து சேர்ந்தோம்" என்று எழுதியிருக்கிறது (தண்டு என்பது பெங்களூரின் ராணுவக் குடியிருப்புப் பகுதி). இது எந்த ஆங்கில ஆண்டு? (அல்சூர்)

அறுபது வருஷச் சுற்றில் தாது பத்தாவது. சுற்றின் முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகியவற்றில் பிறந்தது. எனவே தாது 1876, 1936, 1996. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் மாசி, 1877 பிப்ரவரி-மார்ச் அல்லது 1937 பிப்ரவரி-மார்ச்.

இரண்டில் எது? நோட்டில் எங்காவது தேதியோடு கிழமையும் இருந்தால், இரண்டு ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் வைத்துப் பாருங்கள். பொருந்துவது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். கிழமை இல்லையென்றால் தாத்தா, பாட்டி பிறந்த ஆண்டுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 1877 என்று வந்தால், உங்கள் குடும்பம் தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறது. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்தும் வையுங்கள்.

மைசூர் ஆவணங்களோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கன்னடக் கணக்கில் ஆண்டு யுகாதியன்று பிறக்கும். அதனால் யுகாதிக்கும் சித்திரை ஒன்றுக்கும் இடைப்பட்ட நாட்களில் இரு மொழி ஆவணங்களும் வெவ்வேறு ஆண்டுப் பெயரைச் சொல்லும். இரண்டும் சரியே.

கேள்வி: அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும்தான் காரணமா? (ஸ்ரீராமபுரம்)

தொடக்கம் மழைதான். 1876-இல் தென்னிந்தியாவில் இரண்டு பருவமழையும் ஏமாற்றின. 1877-இல் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ (பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) உருவானது. அந்த ஆண்டுத் தென்மேற்குப் பருவமழையும் படுத்துவிட்டது. இரண்டு சாகுபடி அடுத்தடுத்துப் போனால் விதைநெல்லும் உழவு மாடும் போய்விடும். மழை திரும்பி வந்தாலும் உழ மாடு இராது.

ஆனால் சாவின் அளவை மழை மட்டும் தீர்மானிக்கவில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் தண்டுக்கு 1864 முதலே ரயில் இருந்தது, தானியமும் வந்தது. அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. உழவு வேலை நின்றதும் கூலி நின்றது, விலையோ பல மடங்கு ஏறியது. நாட்டிலிருந்து கோதுமை ஏற்றுமதியும் தடையின்றி நடந்தது. 1877 தொடக்கத்தில் பஞ்ச அதிகாரியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் ஆண் ஒருவருக்கான தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பிறகே கூலி உயர்ந்தது. கார்னிஷ் சொன்னதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாவுக் கணக்கைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். மைசூர் சமஸ்தானத்தின் மக்கள் தொகை 1871-இல் சுமார் 50.5 லட்சம், 1881-இல் சுமார் 41.9 லட்சம். இந்த வித்தியாசத்தில் இறந்தவர்களோடு வெளியேறியவர்களும், பிறக்காமல் போன குழந்தைகளும் அடக்கம். இறந்தவர்களிலும் பெரும்பகுதியைக் கொண்டுபோனது காலராவும், 1877 கடைசியில் மழை திரும்பிய பின் பரவிய மலேரியாவும். "மழை பெய்தது, பஞ்சம் தீர்ந்தது" என்று எழுதுகிறவர்கள் அந்தக் கடைசிச் சாவுகளை விட்டுவிடுகிறார்கள்.

இதன் பிறகே 1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், 1883-இல் பஞ்ச விதித் தொகுப்பும் வந்தன.

கேள்வி: எல் நினோ என்று செய்தி வந்தாலே பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். நம்பலாமா? (பிரேசர் டவுன்)

அப்படியே நம்ப வேண்டாம். 1997-இல் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்தது. நாட்டின் தென்மேற்குப் பருவமழையோ சராசரியைவிட 2 சதவீதம் கூடுதல். 2002-இல் மிதமான எல் நினோதான். மழை 19 சதவீதம் குறைந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாக இருந்தால் எல் நினோவின் பாதிப்பை ஓரளவு ஈடுகட்டும். 1997-இல் அப்படித்தான் இருந்தது.

வடகிழக்குப் பருவமழை இதற்கு நேர் எதிர். எல் நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் வலுக்கும். 2015-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிச் சென்னை மூழ்கியது. பெங்களூருக்கு அதிக மழை தரும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். எனவே ஜூன்-செப்டம்பருக்கான அகில இந்திய முன்கணிப்பை நம் ஊருக்கான முன்கணிப்பாகப் படிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீருக்கு ஏரி மழையைவிடக் குடகு மழை முக்கியம்: 1974 முதல் நாம் குடிப்பது சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்படும் காவிரி.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த விதமும் சொல்ல வேண்டியது. 1899 பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், 1904-இல் இந்திய வானிலைத் துறைத் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். உலகெங்குமிருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று காட்டினார். அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தவரும் அவரே. எல் நினோவோடு அதைச் சேர்த்து விளக்கியது 1969-இல் வானிலை அறிஞர் பியெர்க்னஸ்.

கேள்வி: மழைமானியே இல்லாத காலத்து வறட்சி எப்படித் தெரிகிறது? (விவேக்நகர்)

முக்கியமாகக் குகைப்பாறையிலிருந்தும் மர வளையங்களிலிருந்தும். குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக வளரும் சுண்ணக்கல் தூணை அறுத்து, யுரேனியம்-தோரியம் முறையில் வயதையும், ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தில் பருவமழையின் வலுவையும் கணிக்கிறார்கள். சத்தீஸ்கரின் தண்டக் குகை இப்படித்தான் 14-ஆம் நூற்றாண்டின் நீண்ட வறட்சியைக் காட்டியது. வியட்நாமின் மர வளையங்களும் அதே நூற்றாண்டில் வறட்சியைச் சொல்கின்றன. கம்போடியாவின் அங்கோர் நகரம் சரிந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ஐசோடோப்பு, உள்ளூர் மழையோடு மேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பதிவு செய்யும். ஒரே ஒரு குகையை வைத்து ஒரு பேரரசின் முடிவை எழுதுவது அவசரம்.

கேள்வி: பெங்களூரின் பழைய குளிர் போய்விட்டது என்பது உண்மையா? (மர்பி டவுன்)

நகரத்தின் மிகக் குறைந்த பதிவு 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13. மிக உயர்ந்தது 39.2, 2016 ஏப்ரல் 24. இரண்டு தனி நாட்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முப்பது ஆண்டுச் சராசரியை முப்பது ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பகல் உச்சத்தைவிட விடியற்கால வெப்பத்தைப் பாருங்கள்: கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடும்.

கேள்வி: மாடியில் மழை அளக்க ஆசை. எளிய வழி? (கே.ஜி.எஃப்.)

உள்விட்டம் சரியாக 20 செ.மீ. உள்ள புனல், 10 லிட்டர் கேன், அளவுக் குவளை போதும். புனல் வாயின் பரப்பு 314 சதுர செ.மீ.; ஆகவே 31.4 மி.லி. தண்ணீர் ஒரு மி.மீ. மழை. 1,100 மி.லி. சேர்ந்தால் 35 மி.மீ. ஐந்து லிட்டர் கேன் வேண்டாம்: பெங்களூரில் 1997 அக்டோபர் 1-இல் பதிவான 179 மி.மீ. போல ஒரு நாள் வந்தால் 5.6 லிட்டர் சேரும், நிரம்பி வழிந்துவிடும்.

தரை இருந்தால் தரையே நல்லது, புனல் வாய் 30 செ.மீ. உயரத்தில். மாடியில் காற்று மழையைத் தள்ளிவிடும், அளவு குறையும். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளி வையுங்கள். புனல் சாய்ந்திருக்கக் கூடாது.

தினமும் காலை 8.30-க்கு அளந்து, அன்றைய தேதியிலேயே எழுதுங்கள். நேற்று இரவு பெய்ததும் இன்றைய கணக்கில்தான் வரும். வானிலைத் துறையின் வழக்கமும் அதுவே. மழை இல்லாத நாளுக்கு 0, பார்க்க முடியாத நாளுக்குக் கோடு. இரண்டையும் கலந்தால் மாதக் கூட்டல் பயனற்றது. விட்டுப்போன நாளைச் செய்தித்தாளைப் பார்த்து நிரப்பாதீர்கள்: ஒரே மாலையில் கோரமங்களா நனையும், எலஹங்கா காய்ந்து கிடக்கும். பழைய கெசட்டியரோடு (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு) ஒப்பிட, அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள். அங்கே "3 அங்குலம் 45 செண்ட்" என்றிருந்தால் 3.45 அங்குலம், அதாவது 87.6 மி.மீ.