ஆமி ட்ரான்ஸ்போமர்ல வால்வு அம்ப் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டன்ல இரிக்கிற மச்சான் வரக்குள்ள ஆமி கழிச்சு வித்த சாமான்ல ஒரு ட்ரான்ஸ்போமர் கொண்டுவந்து தந்தவர். சின்ன இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சது, தகட்டுல 115 வோல்ட் 400 சைக்கிள் (ஹேர்ட்ஸ்) எண்டு வெட்டியிரிக்கு. 230ஐ 115 ஆக்கிற ஸ்டெப்டவுன் போட்டு 6வி6 வால்வு போட்ட அம்புக்குப் பாவிக்கலாமா? – கல்லடி வாசகர்

பதில்: ஏலாது தம்பி. ஸ்டெப்டவுன் வோல்டேஜக் குறைக்கும், சைக்கிள மாத்தாது, நம்மட வீட்டுக்கு வாறது 50 சைக்கிள். பிளேன்ல பாரம் குறையணும் எண்டுதான் 400 வச்சாங்க, சைக்கிள் கூடினா கோருக்கு, அதாவது சுருளுக்கு நடுவுல இரிக்கிற இரும்புக்கட்டைக்கு, கொஞ்ச இரும்பு காணும், அதான் ஒங்கட பெட்டி கையடக்கமா இரிக்கு. அதுக்கே 50 சைக்கிளக் குடுத்தா கோர்ல காந்தம் எட்டு மடங்கு ஏறப் பாக்கும், இரும்பு அவ்வளவு தாங்காம நிரம்பிப் போகும், பிறகு பிரைமரி (கரண்ட் குடுக்கிற பக்கத்துச் சுருள்) வெறும் வயர்தான், கொதிச்சு பியூஸ் போகும், பியூஸ் பெரிசாப் போட்டிருந்தா சுருளே கருகும். 115ஐ எட்டால பிரிங்க, 14 வோல்ட் அளவுதான் நம்மட கரண்ட்ல அது தாங்கும், அப்ப 250 தாற பக்கத்துல 30 தான் வரும், அதுல 6வி6 என்னத்தப் பாடும்? அமெரிக்கன் 60 சைக்கிள் எண்டா கதை வேற, ஸ்டெப்டவுனோட ஓடும், கொஞ்சம் கூடச் சுடும், 100 வோல்ட் அளவு குடுத்தா நல்லம். மச்சான் மறுகா போனா தகட்ட வாசிச்சிட்டு வாங்கச் சொல்லுங்க, பாரத்தப் பாத்து வாங்க வேணாம்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் நேவி ட்ரான்ஸ்போமர், 230 வோல்ட் 50 சைக்கிள், மேல தார் ஊத்தியிரிக்கு. வெளிய நம்பர் மட்டும்தான், எது எந்தச் சுருள் எண்டு தெரியல. – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இது நல்ல சாமான், விட்டுடாதீங்க. முதல்ல மீற்றர ஓம்ஸ்ல வச்சு எந்தக் கால் (வயர் பூட்டுற முனை) எந்தக் காலோட சேருது எண்டு எழுதுங்க. ஒரு ஓமுக்கும் குறைவாக் காட்டினா ஹீற்றர் சுருள் (வால்வச் சூடாக்கிற சின்ன வோல்டேஜ் சுருள்), பல பத்து, நூறு ஓம் எண்டா ஹைவோல்டேஜ், அதுக்கு நடுவுல வாறது அனேகமா பிரைமரி. பிறகு 12 வோல்ட் ஏசிய பிரைமரி எண்டு நினைக்கிறதுக்குக் குடுத்து மற்றதெல்லாம் அளந்தா கணக்கு வந்துடும், 12க்கு 15.6 வந்தா 230க்கு 300. ஹீற்றர் சுருளுக்கு மட்டும் 12 குடுத்திடாதீங்க, மத்தப் பக்கமெல்லாம் நூத்துக்கணக்கான வோல்ட் ஏறும்.

கடல்காத்துல கிடந்த சாமான் எண்டா ஈரம் ஏறியிருக்கும், வயரிங் செய்யிற ஆக்களிட்ட மெகர் எண்டு கரண்ட் கசிவு பாக்கிற மீற்றர் இரிக்கும், 500 வோல்ட்ல சுருளுக்கும் பெட்டிக்கும் இடையில 20 மெகாஓமுக்குக் கீழ காட்டினா நான் கரண்ட் குடுக்கமாட்டன். ட்ரான்ஸ்போமர வேற ஒரு பெட்டிக்குள்ள வச்சு, அதுக்குள்ள ஒரு குண்டு பல்ப எரிய விட்டு அந்தச் சூட்டுல மெதுவாக் காய வைங்க, கேக் சுடுற அவன்ல வைக்காதீங்க, தார் உருகி ஓடும். முதல் தரம் மெயின்ஸ் குடுக்கக்குள்ள 60 வோட் குண்டு பல்ப் ஒண்ட சீரிஸ்ல போடுங்க, மங்கலா இருந்தா சரி, பளிச்செண்டு எரிஞ்சா உள்ள ஷோர்ட். கூடவே எண்ணெய்க் கப்பாசிட்டர் ஏதும் வந்திருந்தா உடைக்க வேணாம், பழசுல பிசிபி எண்டு நஞ்சு எண்ணெய் இருந்தது. 300-0-300 (நடுக்கால்ல இருந்து ரெண்டு பக்கமும் 300 வோல்ட் தாற சுருள்) இருந்து, அத டயோட் போட்டு டிசியா எடுத்தா 420 வோல்ட் ஏறும், 6வி6க்கு அது கூட, 5வை3 ரெக்டிஃபையர் வால்வு போடுங்க. அதுக்குத் தனியா 5 வோல்ட் 2 அம்பியர் சுருள் வேணும், அது இரிக்கா எண்டு முன்னமே பாருங்க.

கேள்வி: கோயில் ஹோர்ன் ஸ்பீக்கர்ல இரிக்கிற 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமர அவுட்புட்டுக்குப் போடலாமா? – களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: போடலாம். அதுல 2 வோட் எண்டு போட்ட டாப் (சுருள்ல இருந்து எடுத்த கால்) 5000 ஓம், ஒத்தை 6வி6க்குச் சரியா அது. ஆனா கோர்ல இடைவெளி இல்லாததால டிசி கரண்ட் போய் பேஸ் மெலிஞ்சிடும், பேச்சுக்குக் காணும், தவிலுக்குக் காணாது.